நவமணி அக்கா ஸ்வெட்டருக்குள் வைத்துக் காத்த ஃபஸ் பெடல்

செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர் தங்கராஜ், கீரை கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டு ராதாம்மா. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றவர் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் பாக்கியம். இந்த நால்வரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"மெர்சியக்கா, நர்ஸம்மா போயிட்டாங்க" என்றார் பாக்கியம்.

"எங்கீங்க, கோயமுத்தூருக்கா?" என்று கேட்டார் என் கணவர்.

பாக்கியம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆலயத்தின் சாவி எப்போதும் நவமணி அக்கா வீட்டில் இருக்கும். அதை வாங்கப் போனபோது, அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார்கள். காப்பி டம்ளர் மடியில் இருந்ததாம். ஒரு சொட்டும் சிந்தவில்லையாம்.

அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி ஆயர் ஐயா என்னிடம் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கைதான் இது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் தெரியும், அதையே செய்கிறேன். அக்காவை அறிந்தவர்கள் விட்டுப்போனதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறியாதவர்கள் கொஞ்சம் அறிந்துகொள்ளுங்கள்.

நவமணி அக்கா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நர்ஸாக இருந்தவர்கள். எங்கள் மலையூரான அரவேணுவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பாதிப் பேர் அவர்கள் கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவர்கள் கையில் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "டியூட்டி மாத்திவிட ஆளு வரலீங்க" என்பார்கள். ஓய்வு பெற்ற மாதம் எல்லோரும் அவர்கள் புனித யாத்திரை போவார்கள் என்று நினைத்திருந்தோம். அக்காவோ ஒரு எலக்ட்ரிக் கிடாரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கண்டக்டர், "ஏனுங்க சிஸ்டர், பேரனுக்கா?" என்று கேட்டதற்கு, "எனக்குத்தாங்க. பேரன் வேணும்னா வேற வாங்கிக்கட்டும்" என்றார்களாம். பேரனே இல்லாதவர்கள்!

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது. எங்கள் ஆலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. எனக்குச் சங்கீதம் யாரும் கற்றுத் தரவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டுக் கேட்டே பழகினேன். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் அதில் வாசித்தேன். அந்த ஆர்கனின் துருத்தித் தோலை எலியும் ஈரமும் தின்றுவிட்டன. பழுதுபார்க்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி மூடிவிட்டுப் போனார்.

அதன்பின் நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். சபைக்கு வந்த சிரமம் வேறு. காணிக்கைப் பாட்டின் கடைசி வரியில் ஆர்கன் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அது நிற்கும்போது சபையும் ஒன்றாக நிற்கும். ஆர்கன் போனபின் ஆளுக்கொரு இடத்தில் பாட்டை நிறுத்தினோம். ஆண்கள் பக்கம் முடிந்தபிறகும் பெண்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்திருப்பேன். அதை அக்கா பார்த்திருக்கிறார்கள்.

ஒருநாள் வந்து, "அம்முணி, கிடார் கம்பிய மீட்டுனா சத்தம் சீக்கிரம் செத்துப் போகுது. அதச் சாகவுடாம நீட்டிப் புடிக்கறதுக்கு ஒரு பொட்டி இருக்குதாம். வரவழைச்சிருக்கேன்" என்றார்கள்.

அந்தப் பெட்டிதான் ஃபஸ் பெடல். அக்கா பிரசவம் பார்த்துப் பிறந்த சுதா என்ற பெண் இப்போது கோவையில் கிடார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரே கைப்படச் செய்து அனுப்பியது. டிபன் பாக்ஸ் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. மேலே நான்கு குமிழ்கள், நடுவில் மூன்று நிலைகளில் நிற்கும் சுவிட்ச், கீழே காலால் மிதிக்க ஒரு பொத்தான். கிடாரிலிருந்து வரும் ஒலி இதன் வழியாகப் போனால் கரகரப்பேறி, தடித்து, நீளும்.

சோதித்துப் பார்க்க எங்கள் சமையலறையைத் தேர்ந்தெடுத்தோம். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கைக்குழந்தை தூங்கும். எங்கள் வீட்டில் விறகடுப்பு இருப்பதால் குளிரும் தெரியாது. ஆம்ப்ளிஃபயரை அரிசிப் பீப்பாய்மேல் வைத்தோம். அக்கா பொத்தானை மிதித்துக் கம்பியை ஒருமுறை மீட்டினார்கள். ஆணியில் தொங்கிய கரண்டிகள் எல்லாம் ஆடின.

தோட்டத்திலிருந்து என் கணவர் ஓடிவந்தார். "ஏனுங்க நர்ஸக்கா, ஊட்டுக்குள்ள ரம்பம் ஓட்டறீங்களா?"

"மரம் இருந்தாக் கொண்டாங்க தம்பி. அறுத்துக் குடுத்தர்றேன்."

எதையும் எழுதி வைக்காமல் எனக்கு ஓடாது. புது நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். முதல் மூன்று குமிழ்களுக்குச் சத்தம், கரகரப்பு, கூர்மை என்று தலைப்பு எழுதினேன். நான்காவது குமிழ் உள்ளே ஓடும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. அதைக் குறைத்தால் ஒலி திணறும். அக்கா, "அதுக்கு மூச்சுன்னு எழுதிக்கோ" என்றார்கள். குமிழின் கோடு எங்கே நிற்கிறது என்பதைக் கடிகார முள்போல் நினைத்து, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி என்று குறித்தேன்.

மாலை ஜெபத்துக்கு முந்திய ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாட்கள் உட்கார்ந்தோம். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. சுவிட்ச் இடப்பக்கம், கரகரப்பு மூன்று மணி என்ற வரிக்கு நேராக, "தேயிலை லாரி ஏற்றத்தில் முதல் கியரில் போவதுபோல்" என்று எழுதியிருக்கிறேன். சுவிட்ச் நடுவில் என்பதற்கு, "தேன்கூட்டைக் கலைத்ததுபோல்." இன்னொரு வரியில், "ராதாம்மா வீட்டு நாய் ஊளையிட்டது. வேண்டாம்." இத்தனைக்கும் பெட்டி ஒன்றுதான். எனக்கு அது அதிசயமாக இருந்தது.

"ஒரே மருந்துதான் அம்முணி. எந்த டோஸுல குடுக்கறோங்கறதுலதான் எல்லாம் இருக்குது" என்பார்கள் அக்கா.

முப்பத்தெட்டாவது வரியில் கிடைத்தது. சுவிட்ச் வலப்பக்கம், கரகரப்பு இரண்டு மணி, கூர்மை எட்டு மணி, மூச்சு பதினொரு மணி. கிடாரின் சொந்தக் குமிழைச் சற்றே தணித்து, தடித்த கம்பியை மெதுவாக மீட்ட வேண்டும். ஒலி எழும்பி, தடித்து, அப்படியே நின்றது. நான் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கவில்லை. ஆர்கனின் இடப்பக்கக் கடைசிக் கட்டையை அழுத்தினால் மார்புக்குள் ஓர் அதிர்வு வருமே, அதே அதிர்வு. "கிட்டத்தட்ட ஆர்கன்" என்று எழுதிவிட்டு, கிட்டத்தட்ட என்பதை அடித்தேன்.

சபையின் செயற்குழுச் செயலர் சாலமோன் ஐயாவிடம் அக்கா போய்க் கேட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் ஒருமுறை பார்த்துவிட்டே தீர்மானிப்பவர். "ஒரு ஞாயித்துக்கெழம வாசிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்று அனுமதித்தார்.

அது ஜனவரி மாதத்து ஞாயிறு. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. ஏழு மணி ஆராதனைக்கு ஆறரைக்கே போய், பெடலைப் பீடத்துக்குப் பக்கத்தில் கல் தரையில் வைத்தோம். நான் நோட்டைப் பார்த்து நான்கு குமிழ்களையும் திருப்பினேன். காணிக்கைப் பாட்டின் கடைசி வரி வந்தது. அக்கா மிதித்தார்கள்.

சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு விட்டுவிட்டு ஓர் இருமல். பிறகு ஒன்றுமில்லை. அக்கா மறுபடியும் மீட்டினார்கள். மறுபடியும் இருமல். பின்னால் ஒருவர் சிரித்தார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர். பாட்டு அந்தரத்தில் நின்றுபோனது.

ஆராதனை முடிந்ததும் சாலமோன் ஐயா வந்தார். கோபப்படவில்லை. "ஆண்டவர் சந்நிதியில இந்தச் சோதனையெல்லாம் இனி வேண்டாங்க சிஸ்டர். நானும் சரின்னு சொன்னவன்தான், அதனால எனக்கும் வெக்கமாப் போச்சு" என்றார்.

நான் நோட்டைத் திறந்து மூன்று முறை சரிபார்த்தேன். ஓர் எண்ணும் தவறவில்லை. என் மனசுக்குள் வேறு பயம். வீட்டு வாசற்படியில் ஏறும்போது சொன்னேன்: "அக்கா, ஆண்டவருக்கே இது பிடிக்கல போலிருக்குதுங்க. நான்தான் ஆசப்பட்டுட்டேன்."

அக்கா உள்ளே போய்ப் பெடலை அடுப்புத் திண்டில் வைத்தார்கள். நான் இருவருக்கும் காப்பி போட்டேன். குடித்து முடித்ததும், ஒரு குமிழையும் தொடாமல், பொத்தானைக் கையால் அழுத்திக் கம்பியை மீட்டினார்கள். ஆலயத்தில் வராத அந்தச் சுரம் சமையலறை முழுக்க நின்றது.

"ஆண்டவருக்கு வேண்டாம்னா, உன்ர அடுப்படில மட்டும் எதுக்கு வேணுங்கறாரு?" என்று கேட்டார்கள். "நீ எழுதுனதுல தப்பில்ல அம்முணி. நாம எழுதாதது ஒண்ணு இருக்குது. குளிரு."

உடனே சுதாவுக்குப் போன் போட்டார்கள். அவர் மறுமுனையில் தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. "அய்யோ சிஸ்டரம்மா! அதுக்குள்ள இருக்கறது பழைய காலத்து ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டருங்க. சூடு குளிரு எல்லாம் அதுக்குத் தெரியும். நான் இங்க வேர்த்து ஊத்தீட்டே டெஸ்ட் பண்ணுனேன். உங்க ஊருக் குளிர நெனச்சே பாக்கலீங்க."

அடுத்த நாள் அக்கா ஒரு தெர்மாமீட்டரோடு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குள் மாட்டும் வகை. அந்தப் பெட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்துச் சார்ட்டில் எழுதுவது அவர்களின் பழைய வேலை. "தடுப்பூசி சூட்டுல கெடும். இந்தப் பொண்ணு குளிருல கெடறா. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்கள். என் நோட்டில் ஐந்தாவதாக ஒரு கோடு போட்டேன். அடுப்புத் திண்டு, முன்னறை, தோட்டத்துக் கல் என்று இடம் இடமாகப் பெடலை வைத்து அதன் சூட்டை எழுதினோம். குளிரக் குளிர மூச்சுக் குமிழை எவ்வளவு திருப்பினாலும் ஓர் அளவுக்குமேல் பலிக்கவில்லை. பெட்டிக்குச் சூடு வேண்டும். ஆலயத்தில் அடுப்பு ஏது?

"குறை மாசத்துல பொறந்ததுகள நாங்க என்ன பண்ணுவோம்? எஸ்டேட்டுல கண்ணாடிப் பொட்டி இருந்துச்சா? ஆத்தா நெஞ்சோட வெச்சுக் கட்டிருவோம். கரண்டே வேண்டாம்." இப்படிச் சொல்லிக்கொண்டே அக்கா பெடலை ஒரு துணியில் சுற்றி ஸ்வெட்டருக்குள் போட்டு, மேலே சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோலத்தில் கடைத்தெரு வழியாக நடந்தும் போனார்கள்.

மளிகைக் கடைக்காரர் விடவில்லை. "நர்ஸம்மா, இந்த வயசுல என்னங்க விசேஷம்?"

"பொண்ணுங்க. அழுதா ஊரே எந்திரிச்சிரும்."

அரை மணி நேரம் அப்படி வைத்திருந்தால் போதும் என்று கண்டுபிடித்தோம். பிறகு கல் தரையில் வைக்காமல் மடித்த கம்பளியின்மேல் வைத்தால், ஒரு பாட்டு முடியும்வரை சூடு தாங்கும். இதையும் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை, ஆலயத்தில் யாரும் இல்லாத நேரம் போனோம். அன்றும் நல்ல குளிர். அக்காவின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. கிடாரை என் மடியில் வைத்து, "ஆர்கன்ல நீ புடிச்ச சுரந்தான். இங்கயும் நீயே புடி" என்றார்கள். அதற்குள் எனக்கு நாலைந்து சுரங்கள் பழகியிருந்தன. அக்கா ஸ்வெட்டருக்குள்ளிருந்து பெடலை எடுத்துக் கம்பளியில் வைத்து, நோட்டைப் பார்த்துக் குமிழ்களைத் திருப்பினார்கள். நான் மிதித்தேன்.

ஒரே சுரம். நின்றது. கூரைவரை போய் நின்றது.

பின் கதவு படாரென்று திறந்தது. துடைப்பத்தோடு பாக்கியம் நின்றார். "ஆர்கன ரிப்பேர் பண்ணீட்டீங்களா? எனக்கு ஒருத்தருமே சொல்லலியே!" என்று சண்டைக்கு வந்தார். ஆர்கன் மூடி பூட்டியிருப்பதை அவரே போய் இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்து, "இன்னொருக்கா பண்ணுங்க" என்றார்.

அன்று நான் வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று வெகுநேரம் ஒன்றும் கேட்காமல் நன்றி மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே அக்கா சொல்லச் சொல்ல நான் செயற்குழுவுக்குக் கடிதம் எழுதினேன். முதல்முறை ஏன் கெட்டது, இப்போது என்ன செய்திருக்கிறோம், இன்னொரு ஞாயிறு வாசிக்க அனுமதி வேண்டும் என்று மூன்றே பத்திகள். வாசிப்பவர் என்ற இடத்தில் அக்கா பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உன்ர பேர எழுது. வாசிச்ச கையக் கடைசி வரிசைல உக்காத்தி வெச்சது போதும்."

ஒன்றரை ஆண்டு நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்ததை யாரும் பெரிதாக எண்ணவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பெடலும் அத்தனை மாலைகளும் எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுதேன். "மை கலையுது, பாத்து எழுது" என்றார்கள்.

கடிதத்தைச் சாலமோன் ஐயா வாங்கிக்கொண்டார். கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை மண்சரிவு, ஒருமுறை ஆயர் ஐயாவுக்குக் காய்ச்சல். யார்மேலும் குறையில்லை. போன திங்கட்கிழமை மாலைகூட அக்கா கேட்டார்கள்: "பதில் வந்துச்சா?"

"இல்லீங்கக்கா. திரும்பக் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது."

"என்ன கூச்சம்? டாக்டருகிட்ட கையெழுத்து வாங்கறதுக்கு நாங்க வாசல்லயே நிப்போம். சிரிச்ச மூஞ்சியோட நிக்கணும். நகரக் கூடாது. அவ்வளவுதான்."

அதுதான் என்னிடம் அவர்கள் கடைசியாகச் சொன்னது. மறுநாள் காலை பாக்கியம் வந்தார்.

அக்காவைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தியவர்கள் நாங்கள் மூவர்: பாக்கியம், ராதாம்மா, நான். இடது கையைத் துடைக்கும்போது விரல் நுனிகள் என் உள்ளங்கையில் பட்டன. ஊசி பிடித்து, பிள்ளைகளைத் தூக்கி, ஆயிரம் முறை சோப்புப் போட்டுக் கழுவி மெத்தென்றிருந்த கை அது. அந்த நான்கு நுனிகள் மட்டும் கிடார்க் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்தன. ஓய்வு பெற்ற பின் வந்த காய்ப்பு. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். ராதாம்மா, "விடு கண்ணு, நேரமாவுது" என்றார். விட்டேன்.

அக்கா, என்னை எழுப்பி முன்னே உட்கார வைத்தீர்கள். உங்களைத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். சுகமாய் இளைப்பாறுங்கள்.

ஆயர் ஐயாவுக்கும், சாலமோன் ஐயாவுக்கும், செயற்குழுவில் உள்ள அனைவருக்கும்: அக்காவின் நன்றி ஆராதனை அடுத்த ஞாயிறு காலை நடக்கிறது. காணிக்கைப் பாட்டின் கடைசி வரியில் அந்த ஒரு சுரத்தை நான் பிடிக்க அனுமதி கேட்கிறேன். பிப்ரவரியில் கொடுத்த கடிதம் உங்களிடம் இருக்கிறது. அதில் எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சரி என்றால் சனிக்கிழமை ஆலயத்தில் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் அதையும் மனசார ஏற்றுக்கொள்வேன். எதுவானாலும் தயவுசெய்து வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள்.

மெர்சி தங்கராஜ்
அரவேணு